சி.எல்.எல். மரபணு ரிப்போர்ட்: 8 ஆண்டுக் கணக்கு உங்களுக்குப் பொருந்துமா?

கேள்வி: எனக்கு வயது 58. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் லிம்ஃபோசைட் என்ற வெள்ளை அணு அதிகம் இருப்பது தெரிந்து, கடைசியில் நாள்பட்ட லிம்ஃபோசைட்டிக் லுக்கீமியா, அதாவது சி.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோய் என்று உறுதியானது. தொந்தரவு ஒன்றும் இல்லை. ஆரம்ப நிலைதான், இப்போதைக்கு மருந்து வேண்டாம் என்கிறார் டாக்டர். ஆனால் ரிப்போர்ட்டில் '13க்யூ டெலீஷன்' என்றும், 'ஐ.ஜி.எச்.வி. மியூட்டேஷன் இல்லை' என்றும் இருக்கிறது. முதலாவது நல்லது, இரண்டாவது கெட்டது, 8 ஆண்டுதான் என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. என் மகளுக்கும் இது வருமா?

பதில்: முதலில் அந்த 8 ஆண்டுக் கணக்கைப் பார்த்துவிடுவோம். 1999-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், ஆரம்ப நிலை நோயாளிகளில் ஐ.ஜி.எச்.வி. என்ற ஆன்டிபாடி மரபணுவில் மியூட்டேஷன், அதாவது திருத்தம், இல்லாதவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 95 மாதம் (கிட்டத்தட்ட 8 ஆண்டு) என்றும், இருந்தவர்களுக்கு 293 மாதம் என்றும் வந்தது. நீங்கள் படித்தது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். இடைநிலை என்றால், பாதிப் பேர் அதையும் தாண்டி வாழ்ந்தார்கள் என்று பொருள். அதைவிட முக்கியம், அவர்களுக்கு அன்று கிடைத்தது பழைய கீமோதெரபி மட்டும்தான். கீமோ அல்லாத புதிய மாத்திரைகளில், இப்ருட்டினிப்புக்கு அமெரிக்காவில் இந்த நோய்க்கான அனுமதி 2014-இலும், வெனெட்டோகிளாக்ஸுக்கு 2016-இலும்தான் கிடைத்தது. மியூட்டேஷன் இல்லாதவர்களுக்குக் கீமோவின் பலன் நீடிக்காது. இப்ருட்டினிப் வகை மாத்திரைகளோ இரு பிரிவினருக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வேலை செய்கின்றன. ஆகவே அந்த எண்ணை உங்கள் ஆயுளாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, மியூட்டேஷன் இல்லாதது எப்படிக் கெட்டதாகும்? கிருமியைச் சந்தித்த பி செல் (ஆன்டிபாடி உண்டாக்கும் லிம்ஃபோசைட் வகை), தன் ஆன்டிபாடி மரபணுவைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்ளும். அப்படித் திருத்தம் முடிந்த செல்லிலிருந்து வரும் சி.எல்.எல். பெரும்பாலும் மெதுவாக நகரும். உங்கள் செல்லின் மரபணு அதன் மூல வடிவத்தோடு 98 விழுக்காடோ அதற்கு மேலோ ஒத்துப்போயிருக்கிறது. அதனால்தான் 'இல்லை' என்று எழுதியிருக்கிறார்கள். சிகிச்சை மற்றவர்களைவிடக் கொஞ்சம் முன்பே தேவைப்படலாம் என்பதே இதன் பொருள். இந்த முடிவு காலப்போக்கில் மாறாது, திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியதில்லை.

13க்யூ டெலீஷன், அதாவது 13-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு தொலைந்துபோவது, சி.எல்.எல்.லில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் காணப்படுவது. அது மட்டும் தனியாக இருந்தால் நல்ல அறிகுறிதான். அங்கே தொலைந்துபோவது, புரத உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் இரண்டு சின்ன மைக்ரோ ஆர்.என்.ஏ. அவை இல்லாதபோது பி.சி.எல்.2 என்ற புரதம் கூடிவிடுகிறது, செல் சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் தங்கிவிடுகிறது. வெனெட்டோகிளாக்ஸ் பிடிப்பது நேராக அந்தப் புரதத்தைத்தான்.

உங்கள் கடிதத்தில் நான் தேடியும் கிடைக்காதது டி.பி.53, அதாவது பழுதான செல்லைத் தடுத்து நிறுத்தும் காவல் மரபணு. என்னைக் கேட்டால், மற்ற இரண்டையும்விட இதுதான் முக்கியம். அது இருக்கும் 17-ஆம் குரோமோசோம் துண்டே தொலைந்திருந்தால் (17பி டெலீஷன்), குரோமோசோமைப் பார்க்கும் ஃபிஷ் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஆனால் அந்தத் துண்டு அப்படியே இருந்து, உள்ளே டி.பி.53 மரபணு மட்டும் பழுதாகியிருந்தால் ஃபிஷ் அதைக் காட்டாது, மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்கும் சீக்வென்சிங் வேண்டும். இந்தப் பழுது இருப்பவர்களுக்குக் கீமோ கொடுக்கக் கூடாது. இன்று இல்லையென்றாலும் பின்னால் வரக்கூடும் என்பதால், முதல் சிகிச்சைக்கு முன்பும், பிறகு மருந்தை மாற்ற நேர்ந்தால் ஒவ்வொரு முறையும் பார்த்தாக வேண்டும். அதைப் பார்க்காமல் கீமோ தொடங்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இப்போது மருந்து வேண்டாம் என்ற உங்கள் டாக்டரின் முடிவு சரியானதே. கெட்ட குறியீடு இருக்கிறதென்பதற்காகத் தொந்தரவே இல்லாதவருக்குச் சிகிச்சை தொடங்குவதில்லை. ஆரம்ப நிலையிலேயே இப்ருட்டினிப் கொடுத்துப் பார்த்த ஆய்விலும் ஆயுள் கூடவில்லை, பக்கவிளைவுகள்தான் மிச்சம்.

மகளைப் பற்றிய கவலையை இறக்கி வையுங்கள். ரிப்போர்ட்டில் உள்ள மாற்றங்கள் உங்கள் ரத்தச் செல்களில் பின்னாளில் உண்டானவை, பிள்ளைகளுக்குப் போகாது. நோயாளியின் நெருங்கிய ரத்த உறவினருக்கு சி.எல்.எல். வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பது உண்மை. ஆனாலும் பெரும்பாலோருக்கு வருவதில்லை, அவருக்கு இப்போது எந்தப் பரிசோதனையும் தேவையில்லை.

அப்புறம், அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாத சில விஷயங்கள்: இரவில் உடை நனையும் அளவு வியர்வை, காரணமில்லாத காய்ச்சல், 6 மாதத்தில் உடல் எடையில் 10 விழுக்காடு குறைவது, நெறிகட்டி வேகமாகப் பெரிதாவது, மூச்சு வாங்கும் சோர்வு. இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே டாக்டரைப் பாருங்கள்.