பரண் இருக்கட்டும், சாப்பாட்டு மேஜையைப் பாருங்கள்

கேள்வி: தாம்பரத்தில் இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீடு. கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியாருடன் வசிக்கிறேன். வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தாலே எரிச்சல் வருகிறது. எங்கு பார்த்தாலும் சாமான். மாமியார் பழைய பாத்திரம் ஒன்றைக்கூட வெளியே விடமாட்டார். எங்கிருந்து தொடங்குவது? பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்கினால் சரியாகுமா?

பதில்: எரிச்சலுக்கு உங்கள் சுபாவத்தைக் குறை சொல்லாதீர்கள். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வேலைக்குப் போகும் தம்பதிகளிடம் நடத்திய ஆய்வை 2010இல் வெளியிட்டார்கள். மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் என்ற ஹார்மோன் காலையில் அதிகமாக இருந்து மாலைக்குள் நன்றாகக் குறைய வேண்டும். தங்கள் வீடு அடைசலாக, முடியாத வேலைகளோடு கிடப்பதாகச் சொன்ன பெண்களிடம் அது அந்த அளவுக்குக் குறையவில்லை. கணவர்களிடம் இது அவ்வளவாகத் தெரியவில்லை. வீட்டில் எடுத்து வைப்பது யார் வேலை என்று யோசித்தால் எனக்கு இதில் வியப்பில்லை.

எல்லோரும் செய்வதுபோல் பரணில் தொடங்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விடும். இறக்கியதெல்லாம் கூடத்தில் கிடக்கும். மாமியாருடன் சண்டையும் வரும். பரணில் இருப்பது தினமும் உங்கள் கண்ணில் படுவதில்லை. படுவது சாப்பாட்டு மேஜை, ஃப்ரிட்ஜின் தலை, மடிக்காத துணி குவிந்த நாற்காலி. மேஜையை மட்டும் முதலில் எடுங்கள். அதில் என்ன இருக்கும்? மின்கட்டண ரசீது, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, சார்ஜர், பள்ளி டைரி, ஹெல்மெட். இவற்றுக்கு வீட்டில் வேறு இடம் இல்லாததால்தான் மேஜைக்கு வந்தன. ஹெல்மெட்டுக்கு வாசற்கதவின் பக்கத்தில் ஓர் ஆணி போதும். மாத்திரைகளைக் காலாவதித் தேதி பார்த்து ஒரே டப்பாவில் போடுங்கள். எந்தப் பொருளும் பயன்படும் இடத்திலேயே இருக்கட்டும்: பால் பாக்கெட் வெட்டும் கத்தரிக்கோல் படுக்கையறை அலமாரியில் இருந்தால், வெட்டியபின் அது அடுப்பு மேடையில்தான் கிடக்கும்.

மாமியார் விஷயத்துக்கு வருவோம். அந்த எவர்சில்வர் குடத்தைத் திருப்பிப் பாருங்கள். கொடுத்தவர் பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டியிருக்கும். அதைப் போய் எடைக்குப் போடலாமா என்று கேட்டால் 'இருக்கட்டும்' என்றுதான் சொல்வார். நாலைந்து பாத்திரங்களை மட்டும் இறக்கிக் கழுவி அவர் முன் வைத்து, யாருக்குக் கொடுக்கலாம் என்று கேளுங்கள். கொடுப்பது அவர் கையாலேயே நடக்கட்டும். வெண்கலப் பானையை அவர் வைத்துக்கொள்ள விரும்பினால் பரணிலிருந்து இறக்கிப் பொங்கலுக்காவது பயன்படுத்துங்கள். பூச்சு உரிந்த நான்ஸ்டிக் தவாவுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இந்தப் பேச்சைத் தொடங்க வேண்டியவர் உங்கள் கணவர்; மகன் கேட்பதும் மருமகள் கேட்பதும் ஒன்றாகாது.

பெட்டிகள் இப்போது வேண்டாம். கழித்தபின் மிஞ்சுவதைப் பார்த்து அளவெடுத்து வாங்கலாம். முன்பே வாங்கினால் வேண்டாததற்கும் மூடி போட்டு வைப்பீர்கள். பட்டுப் புடவைகளை மட்டும் பிளாஸ்டிக்கில் அடைக்காதீர்கள். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த இடத்தில் ஜரிகை விட்டுப்போகும்.

காகிதங்களைக் கழிக்கும் நாளில் மட்டும் அவசரம் கூடாது. கிரயப் பத்திரம், மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றை முதலில் தனிக் கோப்பில் எடுத்து வைத்துவிட்டு, அதன்பின் பழைய பேப்பர்க்காரரைக் கூப்பிடுங்கள்.