சி டிரைவை காப்பி பேஸ்ட் செய்தால் விண்டோஸ் எழுந்து வராது

கேள்வி: சிவகாசியில் சின்னதாக டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் சத்தம் போட ஆரம்பித்ததும் பயந்துபோய், சி டிரைவில் இருந்ததை எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து, புதிதாக வாங்கிய 480 ஜிபி எஸ்எஸ்டியில் பேஸ்ட் செய்தேன். கம்ப்யூட்டர் பூட் ஆகவே மாட்டேன் என்கிறது. பேஜ்மேக்கர், ஃபான்ட், பிரிண்டர் டிரைவர் என்று மறுபடி முதலிலிருந்து ஏற்ற எனக்குத் தெம்பு இல்லை. என்ன வழி?

பதில்: பழைய டிஸ்க் இன்னும் உயிரோடு இருந்தால் வழி உண்டு. கீழே சொல்லும் வேலைக்கு எல்லாம் தயாராகும் வரை அதை ஆன் செய்யாமல் வையுங்கள்.

முதலில், ஏன் பூட் ஆகவில்லை? கண்ணுக்குத் தெரியும் சி டிரைவ் மட்டும் டிஸ்க் அல்ல. இப்போதைய விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் 100 எம்பி அளவில் இஎஃப்ஐ என்று ஒரு பார்ட்டிஷன் மறைந்து கிடக்கும், மதர்போர்டு தேடுவது அதிலுள்ள பூட் ஃபைலைத்தான், அது உங்கள் காப்பியில் வரவே இல்லை. அதோடு விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது ரெஜிஸ்ட்ரி ஃபைல்கள் பூட்டிக் கிடக்கும். காப்பி செய்கையில் ஏதோ எச்சரிக்கை வந்திருக்கும், நீங்களும் ‘ஸ்கிப்’ கொடுத்திருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் கொடுக்கிறோம்.

ஆகவே விண்டோஸ் தூங்கும்போது, வெளியிலிருந்து மொத்த டிஸ்க்கையும் இமேஜாக, அதாவது மறைந்த பார்ட்டிஷன்களோடு சேர்த்து அச்சு அசலான நகலாக, எடுக்க வேண்டும். அதற்கு நான் சொல்லும் மென்பொருள் குளோன்சில்லா. தைவானின் உயர்திறன் கணினி மையத்தில் உருவானது, இலவசம். திரை பழைய டாஸ் காலத்துப் பெட்டிகள் மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள். மவுஸ் வேண்டும் என்றால் ரெஸ்க்யூசில்லா இருக்கிறது, குளோன்சில்லா எடுத்த இமேஜையும் அது படிக்கும்.

குளோன்சில்லாவின் ஐஎஸ்ஓ ஃபைலை வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கி, பூட் ஆகும் பென் டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸ் மென்பொருளை வைத்து பென் டிரைவில் எழுதுங்கள் (பென் டிரைவில் இருப்பது அழிந்துவிடும்). பழைய டிஸ்க்கைத் தொடுவதற்கு முன்னால் அந்த பென் டிரைவில் கம்ப்யூட்டர் எழுகிறதா என்று பாருங்கள், டெல், லெனோவோவில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9 தட்டினால் பூட் மெனு வரும். இதைச் சோதிக்காமல் இமேஜ் மட்டும் எடுத்து பீரோவில் வைப்பது, சாவியைத் தொலைத்துவிட்டுப் பூட்டைப் பத்திரப்படுத்துகிற கதை.

அப்புறம் குளோன்சில்லா மெனுவில் ‘டிவைஸ்-இமேஜ்’, அதில் ‘சேவ்டிஸ்க்’ தேர்ந்தெடுங்கள். ‘சேவ்பார்ட்ஸ்’ வேண்டாம், அதில் சி மட்டும் எடுத்தால் மறுபடி அதே கதைதான். நிரம்பிய இடத்தை மட்டும் படித்துச் சுருக்குவதால், 120 ஜிபி நிரம்பியிருந்தால் இமேஜ் அதற்கும் குறைவாகவே வரும். சத்தம் போடும் டிஸ்க் என்பதால் எக்ஸ்பர்ட் மோடில் ‘ரெஸ்க்யூ’ என்பதையும் டிக் செய்யுங்கள், படிக்க முடியாத இடத்தில் நின்றுவிடாமல் தாண்டிப் போகும். டிஸ்க்கைச் சங்கேதமாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் மட்டும் காலி இடத்தையும் சேர்த்தே எடுக்கும், 500 ஜிபிக்கும் இடம் வேண்டியிருக்கும்.

அடுத்த சிக்கல் உங்கள் எஸ்எஸ்டி. 500 ஜிபி டிஸ்க்கின் இமேஜை 480 ஜிபியில் கொட்டச் சொன்னால், சிறிய டிஸ்க் என்று மறுத்துவிடும். இமேஜ் எடுப்பதற்கு முன் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் சி டிரைவைச் சுருக்குங்கள், மீட்கும்போது எக்ஸ்பர்ட் மோடில் ‘ஐசிடிஎஸ்’, ‘கே1’ இரண்டையும் தேர்ந்தெடுங்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் சுருக்கும் வேலை ஆபத்து. என்னைக் கேட்டால் கடைக்காரரிடம் பேசி 500 ஜிபியோ அதற்கு மேலோ உள்ள எஸ்எஸ்டியாக மாற்றிக்கொள்வது நல்லது, கூடுதல் பணம் போனால் போகட்டும்.

இமேஜ் எடுக்கும் முன் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டு ஷட் டவுன் செய்யுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும்.

இமேஜைப் புது டிஸ்க்கில் கொட்டும் ‘ரெஸ்டோர்டிஸ்க்’ செய்யும்போது சி, டி என்ற பெயர்கள் வராது. எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்கள்தான் வரும். அளவையும் மாடலையும் இரண்டு தடவை படியுங்கள். ஒருமுறை நடுராத்திரியில் தூக்கக் கலக்கத்தோடு தப்பான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, அது கேட்ட கேள்விக்கெல்லாம் ‘ஒய்’ தட்டி, நல்லா இருந்த டிஸ்க்கை நானே அழித்திருக்கிறேன். அன்றிலிருந்து தேவையில்லாத டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருகிறேன்.

கேள்வி: விண்டோஸிலேயே ‘ரெக்கவரி டிரைவ்’ செய்து வைத்திருக்கிறேன். அது போதாதா?

பதில்: போதாது. அது விண்டோஸைச் சரிசெய்யவும் புதிதாகப் போடவும்தான், உங்கள் மென்பொருளும் ஃபைலும் அதில் இருக்காது. கண்ட்ரோல் பேனலில் விண்டோஸ் 7 காலத்து ‘சிஸ்டம் இமேஜ்’ இன்னும் இருக்கிறது, ஆனால் அதை இனி வளர்க்கப் போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் 2017-லேயே கைகழுவிவிட்டது. அதைத்தான் பயன்படுத்துவேன் என்றால், ‘விண்டோஸ்இமேஜ்பேக்கப்’ என்று அது உருவாக்கும் ஃபோல்டரின் பெயரை மாற்றாதீர்கள், வேறு ஃபோல்டருக்குள் தள்ளியும் வைக்காதீர்கள். மீட்கும் நேரத்தில் இமேஜே இல்லை என்று சாதிக்கும்.