ஆட்டைப் பார்த்த பிறகு நூற்கத் தொடங்குங்கள்

கேள்வி: ஆந்திர எல்லையில் குப்பத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் வசிக்கிறேன். தக்ளியில் பருத்தி நூற்றுப் பழகியவள். சந்தையில் கறுப்பு ஆட்டு ரோமம் 2 கிலோ வாங்கி நூற்றுப் பார்த்தேன். நூல் அடிக்கடி அறுகிறது. இடையிடையே வெள்ளை மயிர்கள் முள்போல நீட்டிக்கொண்டு கழுத்தில் குத்துகின்றன. குறை என் கையிலா, ரோமத்திலா?
– வாசகி, குப்பம்

பதில்: கையில் உள்ள குறை சிறிதுதான். பருத்தி இழை ஏறத்தாழ ஓர் அங்குல நீளமே உடையது; ஆட்டு ரோமம் அதைவிட நீளமானது என்பதால், இரு கைகளுக்கும் இடையிலான தூரத்தைக் கூட்டினாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும். மீதியெல்லாம் ரோமத்தைச் சேர்ந்தவை, அதாவது அது வளர்ந்த ஆட்டைச் சேர்ந்தவை.

குத்தும் வெள்ளை மயிர் ஒன்றை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சுண்ணாம்பு பூசியதுபோல் மினுமினுப்பில்லாமல் இருக்கும். மடித்து நகத்தால் அழுத்தினால் வளையாமல் ஒடிந்துவிடும். மென்மையான ரோம இழையின் உட்புறம் நிறைந்திருக்கும்; இதுவோ நடுவில் கூடு விழுந்தது. அதனால் முறுக்கும் ஏறாது, சாயமும் சரியாகப் பிடிக்காது. தக்காணி ஆட்டிலும், தருமபுரி, சேலம் பக்கத்துத் திருச்சிக் கருங்குறும்பை ஆட்டிலும் இத்தகைய மயிர் கலந்திருப்பது இனத்தின் இயல்பு. மேய்ப்பவர் செய்த கலப்படம் என்று தயவுசெய்து எண்ணிவிடாதீர்கள்.

மென்மையான ரோமத்துக்குப் பேர்போன வெளிநாட்டு மெரினோ ஆட்டின் இழைத் தடிமன் பெரும்பாலும் 24 மைக்ரானுக்குள் அடங்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 30 மைக்ரானைத் தாண்டிய இழைகள் மிகுந்தால் தோலில் குத்தல் தெரியும். கம்பளிக்குப் பயன்படும் நம் கறுப்பு ரோமம் அந்த அளவைத் தாராளமாகக் கடந்தது. ஆடு மேய்க்கும் குறும்பர் குடும்பங்கள் அதைக் கம்பளியாக நெய்து, புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு விறைப்பாக்கியதற்குக் காரணம் உண்டு: மழையிலும் பனியிலும் மேய்ப்பவரின் தோளில் கிடந்து உழைக்க அந்தத் தடித்த இழைதான் தாங்கும். உங்கள் 2 கிலோவையும் விரிப்பாக்குங்கள். கழுத்துத் துண்டுக்கு மென்மையான ரோமம் வேண்டுமென்றால், 19ஆம் நூற்றாண்டில் மெரினோ முதலிய வெளிநாட்டு ஆடுகளோடு உள்ளூர் ஆட்டைக் கலந்து உருவான நீலகிரி ஆட்டின் ரோமத்தைத் தேடுங்கள்.

அறுபடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நானும் ஆட்டைப் பார்க்காமலே ஒரு வியாபாரியிடம் மூட்டையாக வாங்கினேன். எந்தக் கற்றையை எடுத்து இழுத்தாலும் நுனியிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் அறுந்தது. அந்த மந்தைக்காரரைத் தேடிப் போய்க் கேட்டபோது, கோடையில் மேய்ச்சலின்றி ஆடுகள் வாடிப்போனதைச் சொன்னார். ஆடு பட்டினி கிடந்தாலோ, காய்ச்சலில் விழுந்தாலோ, அந்த நாட்களில் வளர்ந்த பகுதி மெலிந்து இழையிலேயே பதிந்துவிடுகிறது. ஒரு கற்றையின் இரு முனைகளையும் பிடித்துக் காதருகே வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். நல்ல ரோமம் விண்ணென்று ஒலிக்கும், மெலிந்தது படபடவென்று நொறுங்கும். இழையின் அடியில் வெட்டு இல்லாமல் வேர்க்குமிழ் ஒட்டியிருந்தால், அது அறுத்த ஆட்டின் தோலிலிருந்து பிடுங்கியதாக இருக்கலாம். சுண்ணாம்பு பட்ட அத்தகைய ரோமம் சொரசொரத்து வலுவிழந்திருக்கும்.

ஆகவே அடுத்த முறை மயிர் கத்தரிக்கும் நாளில் பட்டிக்கே போய்விடுங்கள். தோள்பட்டை ரோமம் மென்மையானது, பின்தொடை ரோமம் முரடானது. இரண்டையும் கலக்காமல் தனித்தனியாகக் கட்டித் தரும்படி கேளுங்கள். முதல் கத்தரிப்பில் கிடைக்கும் குட்டி ரோமம் எது என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். கடைக்காரரால் சொல்ல முடியாததை மேய்ப்பவர் ஆட்டைத் தொட்டுக் காட்டியே சொல்லிவிடுவார்.

கேள்வி: எங்களிடம் நெல்லூர் ஆடுகள் உள்ளன. அவற்றின் மயிரை நூற்க முடியுமா?
– வாசகர், பலமநேர்

பதில்: முடியாது. பல்லா, ஜோடிப்பி, டோரா என எந்த வகையானாலும் நெல்லூர் ஆடு இறைச்சிக்கான ஆடு. அதன் உடலில் இருப்பது முறுக்கைப் பிடித்து நிற்காத குட்டையான மயிர். நம் மேச்சேரி ஆடும் அப்படியே.

கேள்வி: நாங்கள் நகரியில் பருத்தி நெசவுக் குடும்பம். உல்லன் நூல், அங்கோரா, மொஹேர் என்று கடைகளில் சொல்கிறார்கள். இவை எந்த விலங்கிலிருந்து வருகின்றன?
– வாசகி, நகரி

பதில்: உல்லன் என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பகுதி எந்த விலங்கிலிருந்தும் வருவதில்லை, அது அக்ரிலிக். ஒரு துண்டு நூலைக் கொளுத்திப் பாருங்கள்: ரோமமானால் முடி கருகும் வாடை வந்து, விரலில் பொடியாகும் கரி மிஞ்சும், அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாகிவிடும்.

அங்கோராவும் மொஹேரும் பலரைக் குழப்புகின்றன. அங்கோரா ரோமம் தருவது முயல். அங்கோரா வெள்ளாடு தருவதோ மொஹேர். முயல் ரோமம் மிக நுண்ணியது, வழுக்கும் இயல்புடையது. முதன்முறை நூற்பவர்கள் அதைக் கொஞ்சம் செம்மறி ரோமத்தோடு கலந்துகொண்டால் இழை கையில் நிற்கும். மொஹேர் பட்டுப்போல் பளபளப்பானது. ஆட்டுக்கு வயது ஏற ஏற இழையும் தடிக்கும் என்பதால், குட்டி ரோமமா, வளர்ந்த ஆட்டு ரோமமா என்று கேட்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.