கழிவுத் தொட்டியின் நச்சுவாயு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

(இராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத் தோல் தொழிற்சாலைகளில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர் பதிலளிக்கிறார்.)

ஆம்பூர்: தொட்டியில் வீசிய அழுகிய முட்டை நாற்றம் சற்று நேரத்தில் நின்றுவிட்டால், வாயு வெளியேறிவிட்டது என்று கொள்ளலாமா ஐயா?

ஒருபோதும் கொள்ளாதீர்கள். தோலிலிருந்து முடியை அகற்றச் சுண்ணாம்புடன் சேர்க்கும் சோடியம் சல்பைடு, பிற்கட்டத்தில் வெளியேறும் அமில நீரோடு கழிவுத் தொட்டியில் கலக்கும்போது, ஹைட்ரஜன் சல்பைடு வாயு பிறக்கிறது. காற்றைவிடக் கனமானதால் அது அடியில் தங்கும். பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு இருந்தாலே சில நிமிடங்களில் மோப்ப உணர்வு மரத்துப்போகும். 1000 பங்கை எட்டினால் ஓரிரு மூச்சில் ஆள் சரிந்துவிடுவார். நாற்றம் நின்றது மூக்கு தோற்றதாலும் இருக்கலாம். இறங்காதீர்கள்.

குடியாத்தம்: என்-95 முகக்கவசம் அணிந்து இறங்கலாமா?

கூடாது. அது துகளையும் கிருமியையும் வடிகட்டும், வாயுவைத் தடுக்காது.

வாணியம்பாடி: எங்கள் தாத்தா கிணற்றில் அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்த்துத்தான் ஆளை அனுப்புவார். அந்த முறை போதாதா?

உங்கள் தாத்தாவின் எச்சரிக்கையை மதிக்கிறேன். ஆனால் விளக்கு அணைவது உயிர்வளி குறைந்ததை மட்டுமே காட்டும். ஆளைச் சாய்க்கும் 1000 பங்கு என்பது நூற்றுக்கு 0.1 பங்குதான். அந்த அளவில் உயிர்வளி ஏறக்குறைய அப்படியே இருப்பதால், சுடர் நின்று எரியும், மனிதர் விழுவார்.

வாணியம்பாடி (மீண்டும்): அவர் காலத்தில் ஒருவரும் சாகவில்லையே?

அது குடிநீர்க் கிணறு. அதில் சல்பைடு கொட்டவில்லை. மேலும், இவ்வாயு நூற்றுக்கு நான்கு பங்கைத் தாண்டினால் தீப்பற்றக்கூடியது. சாக்கடைகளில் மீத்தேனும் சேரும். விளக்கை இறக்குவது வெடிப்புக்கு வழிகோலும்.

மேல்விஷாரம்: ஈரத்துணியை இரண்டாக மடித்து மூக்கில் கட்டினால்?

குடியாத்தத்து நண்பருக்குச் சொன்னதே உங்களுக்கும். துணி எதுவும் உதவாது.

காட்பாடி: பக்கத்து வீட்டுக்காரருக்குக் காசநோய். தட்டு, டம்ளர் வழியாகப் பரவுமா?

பரவாது, இருமும்போது காற்றில் மிதக்கும் நுண்துளிகளால் பரவும். சன்னலைத் திறந்து வையுங்கள். வீட்டில் யாருக்கேனும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்யுங்கள்.

பேரணாம்பட்டு: பீடி சுற்றும் என் அம்மாவுக்கு மூச்சிரைப்பு. என்ன மருந்து தரலாம்?

மருந்து சொல்வது என் துறையன்று. நெஞ்சக மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், புகையிலைத் தூளோடு வேலை செய்வதையும் அவரிடம் மறவாமல் கூறுங்கள்.

இராணிப்பேட்டை: உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் கைகட்டி நிற்பதா?

நிற்க வேண்டாம், ஆனால் இறங்காதீர்கள். காப்பாற்றப் போனவரே அடுத்து விழுகிறார். காற்று உருளையுடன் கூடிய மூச்சுக்கருவி இல்லாமல் எவரும் உள்ளே போகக் கூடாது. அதனால்தான் வேலை தொடங்கும் முன்பே வாயு அளக்கும் கருவியால் அடிவரை சோதித்து, ஊதுவிசிறியால் காற்றைச் செலுத்தி, இறங்குபவருக்கு இடுப்புப் பட்டையும் கயிறும் மாட்டி, மேலே இருவரை நிறுத்த வேண்டும். விழுந்தால் கயிற்றால் மேலே இழுங்கள். கயிறு மாட்டவில்லை என்றால் உடனே 101 என்ற எண்ணில் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.