மட்டை விரித்த மோட்டார் சைக்கிள்: நகரத் தரிப்பிடம் பற்றிய கேள்வி–பதில்

கேள்வி: திருகோணமலை நகருக்குள் வாகனம் நிறுத்த இடமே இல்லை. இதற்கு என்ன தீர்வு? (உவர்மலை)

பதில்: எந்த வீதி, எந்தக் கிழமை, எத்தனை மணி என்று எழுதாத கடிதத்துக்கு எவராலும் தீர்வு சொல்ல முடியாது. காலை 11 மணிக்கு மத்திய வீதி நிறைந்திருக்கும் அதே வேளையில் சில நிமிட நடைத்தூரத்தில் உட்துறைமுக வீதி எப்படி இருந்தது என்று பார்த்தீர்களா? முதலில் எண்ணுங்கள், பிறகு எழுதுங்கள்.

கேள்வி: இறுதியாண்டு ஆய்வுக்காகத் தரிப்பிடக் கணக்கெடுப்பு ஒன்று செய்ய விரும்புகிறேன். எவ்வாறு தொடங்குவது? (மாணவி, தம்பலகாமம்)

பதில்: எண்ணிவிட்டு எழுத விரும்பும் ஒருவராவது இருப்பது மகிழ்ச்சி தருகிறது. ஒரு வீதியின் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் இடத்துக்கும் இலக்கமிட்டு, காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை அரை மணிக்கு ஒரு தடவை நடந்து, நிற்கும் வண்டிகளின் இலக்கத்தகட்டில் உள்ள கடைசி நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே எண் எத்தனை சுற்றுகளில் திரும்ப வருகிறதோ, அதன் பாதிதான் அந்த வண்டி நின்ற மணித்தியாலம். சாமான் இறக்கும் லொறிகளைத் தனியாகக் குறியுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் நகரின் ஓட்டமே மாறிவிடுவதால், அந்த ஒரு நாளை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். வாரத்தின் இடைநாள் ஒன்றும் சனிக்கிழமை ஒன்றும் வேண்டும்.

கேள்வி: மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் ஒரே கட்டணம் அறவிடுவது நியாயமா? (கிண்ணியா)

பதில்: நியாயமில்லை. ஒரு கார் நிற்கும் இடத்தில் ஐந்து மோட்டார் சைக்கிள்கள் தாராளமாக நிற்கும். கட்டணமும் ஏறக்குறைய ஐந்திலொன்றாக இருக்க வேண்டும்.

கேள்வி: பிரதான வீதியில் புடவைக்கடை நடத்துகிறேன். வீதியோரத் தரிப்பிடத்துக்குக் கட்டணம் வைத்தால் வாடிக்கையாளர்கள் நகருக்கு வருவதையே நிறுத்திவிடுவார்கள். வர்த்தகர்களின் வயிற்றில் அடிக்கும் இந்த யோசனையை நீங்கள் ஏன் ஆதரிக்கிறீர்கள்? (வர்த்தகர்)

பதில்: இக்கேள்வி வேறு வேறு கையெழுத்துகளில் எனக்கு வந்துகொண்டே இருப்பதால், இம்முறை சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஒருநாள் காலை கடைகள் திறக்கும் வேளையில் மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு அருகில் நின்றுகொண்டிருந்தேன். கடை உரிமையாளர் ஒருவர் தம் மோட்டார் சைக்கிளைக் கடை வாசலுக்கு நேரே நிறுத்தி, வெறும் பிஸ்கட் பெட்டியொன்றைக் கிழித்து, இருக்கை வெயிலில் சுடாதிருக்க அந்த மட்டையை அதன்மேல் விரித்து, காற்றில் பறக்காதபடி ஒரு கல்லையும் வைத்துவிட்டு உள்ளே போனார். மாலையில் நான் திரும்பி வந்தபோது மட்டையும் கல்லும் வைத்தது வைத்தபடி இருந்தன. பக்கத்தில் இன்னொரு கடைக்காரரின் வானும் அசையவில்லை. வாடிக்கையாளருக்கு இடமில்லை என்று சபைக்கு மனுக் கொடுப்பவர்களும் இவர்களே.

கணக்கைப் பாருங்கள். பத்து மணித்தியாலம் ஒரே வண்டி நிற்கும் இடத்தில், அரை மணிக்கு ஒன்றாக மாறினால் இருபது வண்டிகள் வந்து போகலாம். அந்த இருபது பேரில் பாதிப்பேர் ஒரு சேலை வாங்கினாலும் உங்கள் கல்லாப்பெட்டி அதை உணரும். காசு போட்டால் வண்டி நிற்கும் நேரத்தை அளக்கும் கருவியான தரிப்பிட மீற்றர் முதன்முதலில் 1935இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் பொருத்தப்பட்டது. வேலைக்கு வருவோர் நாள் முழுவதும் வண்டியை விட்டுச் செல்ல, கடைக்கு வருவோர் சுற்றிச்சுற்றி அலைந்ததே அதற்குக் காரணம். கலிபோர்னியாவில் பழைய பசதீனா பகுதி வர்த்தகர்களும் உங்களைப் போலவே எதிர்த்தார்கள். வசூலாகும் பணம் அந்த வீதிகளின் நடைபாதைக்கும் விளக்குகளுக்குமே செலவிடப்படும் என்ற உறுதி கிடைத்தபின் இணங்கினார்கள். 1993இல் மீற்றர்கள் வந்தன, பகுதியும் செழித்தது. ஆகவே நீங்கள் சபையிடம் கேட்க வேண்டியது, பணம் எங்கே போகிறது என்பதை. அதற்கு முன், உங்கள் வண்டியையும் ஊழியர்களின் வண்டிகளையும் பின்வீதிக்கு நகர்த்துங்கள். அதற்கு எந்தத் தீர்மானமும் நிறைவேற வேண்டியதில்லை.

கேள்வி: அப்படியானால் கட்டணம் எவ்வளவாக இருக்க வேண்டும்? (நிலாவெளி)

பதில்: ஏழு இடங்களில் ஒன்று எப்போதும் காலியாக இருக்குமளவுக்கு. தரிப்பிடக் கட்டணம் பற்றி ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் இதை ஏறத்தாழ 85 சதவீதம் நிறைந்திருத்தல் என்று கணக்கிட்டார். 2011 முதல் சான் பிரான்சிஸ்கோவில், நிறைந்து வழிந்த வீதிப் பகுதிகளில் கட்டணத்தைக் கூட்டியும் காலியாகக் கிடந்த வீதிப் பகுதிகளில் குறைத்தும் பார்த்தார்கள். ஊர் முழுவதற்கும் ஒரே தொகை என்பது சோம்பேறித்தனம். மறுபடியும் சொல்கிறேன், எண்ணாமல் விலை வைக்காதீர்கள்.

கேள்வி: பணம் வாங்குபவர் பற்றுச்சீட்டுத் தர மறுக்கிறார். (மூதூர்)

பதில்: பற்றுச்சீட்டு இல்லையென்றால் பணம் இல்லை. நேரமும் வாகன இலக்கமும் எழுதப்படாத சீட்டும் சீட்டன்று.

கேள்வி: நகர மையத்தில் மாடித் தரிப்பிடம் ஒன்றைக் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் அல்லவா? (பொறியியலாளர்)

பதில்: பொறியியலாளர் என்று கையொப்பமிட்டுவிட்டு இப்படிக் கேட்கலாமா? வீதியில் ஒரு காருக்கு 2.4 மீற்றர் அகலமும் 5 அல்லது 6 மீற்றர் நீளமும் போதும். மாடியில் சாய்தளம், உள்வழி எல்லாம் சேர்த்தால் காருக்கு 25 முதல் 30 சதுர மீற்றர் வேண்டும். வாசலில் இலவசமாக நிறுத்த முடியும்வரை, காசு கொடுத்து மூன்றாம் மாடிக்கு ஏறப்போவது யார்?

கேள்வி: சக்கர நாற்காலியில் வரும் என் தாயாரை இறக்க எவ்வளவு அகலம் ஒதுக்கப்பட வேண்டும்? (பாலையூற்று)

பதில்: வழக்கமான அகலத்துடன் பக்கத்தில் இன்னும் 1.2 மீற்றர், அதாவது மொத்தம் 3.6 மீற்றர். நடைபாதை விளிம்பும் அவ்விடத்தில் சரிவாக இறக்கப்பட்டிருக்க வேண்டும். பலர் அகலத்தைக் கொடுத்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: தீபாவளிக்கு முந்திய வாரத்தில் நகருக்குள் நுழையவே முடிவதில்லை. அதற்கேற்ற தரிப்பிடம் அமைக்க வேண்டாமா? (சாம்பல்தீவு)

பதில்: ஆண்டுக்கு ஒரு வாரம் வரும் கூட்டத்துக்காக ஆண்டு முழுவதும் காலியாகக் கிடக்கும் இடத்தை அமைப்பது வீண் செலவு. அந்த வாரத்துக்கு மட்டும் அனுமதி பெற்றுப் பாடசாலை மைதானம் ஒன்றைத் திறந்து, வழிகாட்டும் ஆட்களை மைதானத்து வாசலில் நிறுத்தாமல் நகருக்குள் திரும்பும் சந்தியிலேயே நிறுத்துங்கள். மத்திய வீதிக்குள் நுழைந்துவிட்ட வண்டியைத் திருப்பி அனுப்ப அங்கே இடமிராது.