பழைய மடக்குக் கத்தியின் பிடி மான்கொம்பா, எலும்பா?

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் செய்த பழைய மடக்குக் கத்தி. பிடி மான்கொம்பு என்கிறார்கள், எப்படி நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். பிடியின் இரு பக்கங்களையும் ஒப்பிடுங்கள். கொம்பின் மேடுபள்ளம் இயற்கையானது. ஒரு பக்கம் போல மறுபக்கம் இருக்காது. கொம்பு போலத் தெரிவதற்காக மாட்டின் கால் எலும்பில் வெட்டிய பள்ளங்கள் ஓரளவு சீராக வரும். எலும்பை உற்றுப் பார்த்தால் நுண்ணிய கரும்புள்ளிகளும் தெரியும்.

ஷெஃபீல்டில் கத்தி செய்பவர்கள் விரும்பி வாங்கியது இந்தியக் கடமான் கொம்பு. ஓரம் கெட்டி, நடுவில் பஞ்சுப் பகுதி குறைவு. 1990களின் இறுதியில் இந்தியா ஏற்றுமதியைத் தடுத்தது, விலை ஏறியது. இந்தியாவில் அந்தக் கொம்பை விற்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இங்கே சேகரிப்பவர்கள் எலும்பு, மரப் பிடிகளோடு நிறுத்திக்கொள்வதே சரி.

பழைய செல்லுலாய்டு (ஆரம்பகாலப் பிளாஸ்டிக்) பிடி இருந்தால் கட்டாயம் தனியே வையுங்கள். அது சிதையும்போது கிளம்பும் அமில ஆவி பக்கத்துக் கத்திகளையும் துருப்பிடிக்க வைத்துவிடும்.