கண் நலம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சிறுமலையில் பளியர் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்குப் போய்வருகிறேன். கண் காட்ட மதுரைக்கு இறங்கினால் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போய்விடுகிறது. சிக்னலும் சில இடங்களில்தான் எடுக்கிறது. கைப்பேசியில் கண்ணைப் படம் பிடித்து டாக்டருக்கு அனுப்பினால் போதுமா?
(திண்டுக்கல் வாசகர்)

பதில்: பாதி வேலைக்குத்தான் போதும். முதலில் பார்வையை அளந்துவிடுங்கள். எழுத்துப் படிக்காதவர்களுக்கு ஆங்கில 'E' எழுத்தைப் பல பக்கம் திருப்பிப் போட்ட அட்டை இருக்கிறது; அந்த எழுத்தின் கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று கையால் காட்டினால் போதும். 6 மீட்டர் தூரத்தை நாடா வைத்தே அளங்கள். குத்துமதிப்பாகக் காலடி வைத்தால் 5 மீட்டராகிவிடும், மங்கலான கண்ணும் நல்ல கண்ணாகக் கணக்கில் ஏறிவிடும். ஒவ்வொரு கண்ணாகப் பாருங்கள். மற்றதை உள்ளங்கையைக் குவித்து மூடச் சொல்லுங்கள். விரலால் மூடினால் இடுக்கு வழியே பார்ப்பார்கள். அழுத்தி மூடினால் அந்தக் கண் சற்று நேரம் மங்கித் தெரியும்.

6/18 வரிசை (நல்ல கண்ணுக்கு 18 மீட்டரிலேயே தெரியும் எழுத்து) 6 மீட்டரில் தெரியாதவரிடம், 1 மில்லிமீட்டருக்குச் சற்றே பெரிய துளை போட்ட கறுப்பு அட்டையைக் கொடுத்து அதன் வழியே மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். தெளிந்தால் பெரும்பாலும் கண்ணாடியில் சரியாகும். தெளியாவிட்டால் புரையோ விழித்திரைக் கோளாறோ இருக்கலாம். யாரைக் கீழே அழைத்து வர வேண்டும் என்பதை இந்த அட்டையே பெருமளவு பிரித்துக் கொடுத்துவிடும். இதற்குச் சிக்னலும் வேண்டாம்.

படம் எடுக்கும்போது பிளாஷ் வேண்டாம். கருவிழி நடுவில் வெள்ளைப் பொட்டாக விழுந்து, பார்க்க வேண்டிய இடத்தையே மறைத்துவிடும். பக்கவாட்டிலிருந்து டார்ச் அடியுங்கள். போனை ஒட்டிப் பிடித்தால் போகஸ் ஆகாது. ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பெரிதாக்குங்கள். செல்பி கேமரா கூடாது. சில போன்களில் அது இடம் வலமாக மாற்றிவிடும், டாக்டர் நல்ல கண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். படத்தோடு வலதா இடதா, பார்வை அளவு, எத்தனை நாளாக என்று எழுதி, சிக்னல் வரும் இடத்துக்கு வந்ததும் 'டாக்குமென்ட்'டாக அனுப்புங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும்.

கண் நீர் அழுத்தமும், சர்க்கரையால் வரும் விழித்திரைப் பாதிப்பும் இந்தப் படத்தில் தெரியாது. சர்க்கரை உள்ளவர்களையும், 40 வயது தாண்டியவர்களையும் பார்வை மையத்துக்காவது அழைத்துப் போங்கள். மதுரையில் 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2004 முதல் சிற்றூர்களில் இந்த மையங்களை நடத்துகிறது. அங்குள்ள பணியாளர் ஸ்லிட் லேம்பில் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்குக் கருவி) பார்த்துப் படம் அனுப்ப, டாக்டர் திரையில் நோயாளியிடமே பேசுவார்.

புரை அறுவைக்கு ஆளைத் தனியே அனுப்பாதீர்கள், நாலைந்து பேராகச் சேர்த்து அனுப்புங்கள். தேன் எடுக்கும் காலத்தில் தேதி வைத்தால் யாரும் வரமாட்டார்கள். வாகனம், துணைக்கு ஒருவர், மறுபரிசோதனை நாள் மூன்றையும் மலையிலேயே பேசி முடித்துவிடுங்கள். அறுவைக்குப் பின் பல வாரம் சொட்டு மருந்து விட வேண்டும். வீட்டில் யார் விடப்போகிறார் என்று முன்கூட்டியே கேட்டு, அவர் கையாலேயே ஒருமுறை விட்டுக்காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: கண்ணில் முள்ளோ இலையோ கீறினால் மேலேயே ஏதாவது போடலாமா?

பதில்: பச்சிலைச் சாறு, தாய்ப்பால் இரண்டும் கூடவே கூடாது. மீந்துபோன பழைய சொட்டு மருந்து அதைவிட ஆபத்து. அதில் ஸ்டீராய்டு இருந்தால் பூஞ்சைக்குத் தீனி போட்டதாகும். நம் பக்கத்தில் செடிகொடி கீறிய கண்ணில் பூஞ்சைப் புண் அதிகம். 1990களில் வெளியான ஓர் ஆய்வு, மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகக் கணக்கிட்டது. சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள், தேய்க்க விடாதீர்கள். குத்தி நிற்கும் முள்ளைப் பிடுங்காமல், கண்ணை அழுத்தாமல் ஒரு காகிதக் குவளையால் மூடி அழைத்து வாருங்கள். கருவிழியில் வெள்ளைப் புள்ளி, கூசி நீர் வடிதல், பார்வை குறைதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் படம் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே இறக்குங்கள். சுண்ணாம்பு பட்டால் மட்டும் முதலில் அங்கேயே அரை மணி நேரம் விடாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவி, இமைக்கு அடியில் ஒட்டியிருக்கும் துகளை ஈரத்துணி நுனியால் எடுத்துவிட்டுப் பிறகு கிளம்புங்கள்.